சுடாத தொண்ணூற்றைந்து

கொஞ்ச நாளாகவே ஒரு கோப்பு என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் வெப்பநிலையைக் கவனித்துக்கொள்ளும் பகுதியில் 'எமுல் டெம்ப்' என்ற பெயரில் அது இருக்கிறது. அதில் ஓர் எண்ணை எழுதினால், சென்சார் என்ன சொன்னாலும் சரி, பிராசசரின் சூடு அந்த எண்தான் என்று டிரைவர் எடுத்துக்கொள்ளும். என் மேசையில் இருப்பது ஓட்ராய்டு எக்ஸ்யூ4. கொரியாவின் ஹார்டுகெர்னல் நிறுவனம் செய்த உள்ளங்கை அளவு போர்டு. சாம்சங்கின் எக்ஸினாஸ் 5422 சிப், அதன்மேல் ஹீட்சிங்க், அதன் தலையில் ஒரு சின்ன விசிறி. ஏசி அறையில், வேலை எதுவும் ஓடாமல் போர்டு சும்மா கிடக்கும்போது ஹீட்சிங்கில் விரலை வைத்தால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து 95000 என்று எழுதி என்டர் தட்டுகிறேன். மில்லி செல்சியஸ் கணக்கு. அதாவது 95 டிகிரி. விசிறி சீறிக்கொண்டு கிளம்புகிறது. 2 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய கோர்களின் வேக வரம்பு சில படிகள் கீழே இறங்குகிறது. விரலுக்கு அடியில் உலோகம் அப்படியே இருக்கிறது. சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட பையன் உதிர்த்துப் போட்ட நாவற்பழத்தை ஔவைப் பாட்டி எடுத்து ஊதிய கதைதான். பாட்டிக்காவது ஊதித் தள்ள மண் இருந்தது.

இப்படிப் பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன என்று கேட்டால், நியாயமான பதில்கள் உண்டு. வெப்பக் கட்டுப்பாட்டு டிரைவர் என்பது பெரும்பாலும் சும்மா இருக்கும் நிரல். அது எப்போது வேலை செய்ய வேண்டுமோ, அந்த நேரம் எப்போதாவதுதான் வரும். வரும்போது சரியாகச் செய்தாக வேண்டும். இந்த போர்டில் 50, 60, 70 டிகிரிகளில் விசிறி ஒவ்வொரு கட்டமாக வேகம் கூட வேண்டும். 70-லும் 85-லும் கோர்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும். 120-இல் கணினியே தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். முதல் சில கட்டங்களை உண்மையான சூட்டாலேயே சோதித்துவிடலாம்: எல்லாக் கோர்களையும் வெறும் கணக்குப்போட வைக்கும் ஒரு நிரலை ஓடவிட்டு, விசிறியைக் கையால் பிடித்துக்கொண்டால் போதும். ஹேர் டிரையரைக் காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் 120 டிகிரியை எப்படிச் சோதிப்பது? அங்கே போய்ச் சேர்ந்து பார்க்கலாம் என்றால் சிப்பை வேக வைக்க வேண்டும். மேலும் சூடு சொன்ன பேச்சைக் கேட்காது. சென்னையில் மே மாதம் ஏறுகிற வேகத்தில் மார்கழியில் ஏறாது. ஹீட்சிங்குக்குக் கீழே பூசிய பசை கொஞ்சம் காய்ந்திருந்தால் ஒரு மாதிரி, புதிதாக இருந்தால் வேறு மாதிரி. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரே விடையைப் பெற வேண்டும் என்று நினைக்கிற பொறியாளருக்குச் சூடு ஒத்துவராத பொருள். எண்ணுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 85000 என்று எழுதினால் 85000. 120000 என்று எழுதினால் எந்தச் சேதமும் இல்லாமல் கணினி அணைகிறது. உச்ச வெப்பநிலை எட்டப்பட்டது என்று பதிவேட்டில் ஒரு வரி விழுகிறது.

அந்த வரியில்தான் முதலில் தடுக்கியது. எட்டப்பட்டது என்கிறதே, எதை, யார் எட்டினார்கள்? அது எழுதிவைத்த பொய் என்று அந்த வரியில் எங்கும் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எமுல் டெம்ப் எழுதுவதற்கு மட்டுமேயான கோப்பு. அதைத் திறந்து, இப்போது என்ன பொய் நடப்பில் இருக்கிறது என்று படிக்க முடியாது. பக்கத்திலேயே 'டெம்ப்' என்று இன்னொரு கோப்பு இருக்கிறது. வெப்பநிலையைப் படிப்பதற்கென்றே உள்ளது அது. அதைக் கேட்டால் நாம் எழுதிய பொய்யையே பவ்வியமாகத் திருப்பிச் சொல்லும். எழுதியவர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டால், அடுத்து வந்து உட்காருகிறவருக்கு அந்த 95 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரலை வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

உண்மையான வெப்பநிலை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சென்சாருக்கு டிகிரி தெரியாது. சிப்புக்குள் மின்சாரம் சூட்டுக்கேற்ப நடந்துகொள்ளும் விதத்தை அளந்து, அது ஒரு குறியீட்டு எண்ணைத் தருகிறது. அந்தக் குறியீட்டை டிகிரியாக மாற்ற ஒவ்வொரு சிப்புக்கும் தனித் திருத்தம் வேண்டும், ஏனென்றால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிப்புகள்கூட ஒரே சூட்டில் ஒரே குறியீட்டைத் தருவதில்லை. அதற்காகத் தொழிற்சாலையில் 25 டிகிரி, 85 டிகிரி என்ற இரண்டு புள்ளிகளுக்கான குறியீடுகளைச் சிப்பின் இ-ஃபியூஸில் நிரந்தரமாக எரித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு புள்ளித் திருத்த முறையில் டிரைவர் அவற்றை எடுத்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டு, வந்த குறியீடு அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்து டிகிரி சொல்கிறது. 25-க்கும் 85-க்கும் வெளியே போனாலும் அதே கோட்டை நீட்டிக்கொள்கிறது. 25-க்கான திருத்த எண் இ-ஃபியூஸில் காலியாக இருந்தாலோ, வரம்புக்கு வெளியே இருந்தாலோ, டிரைவரில் எழுதிவைத்த ஒரு பொது எண்ணை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். ஆக, திரையில் வருகிற 47 டிகிரி என்பது பல கைகள் மாறி வந்த கணக்கு. அதைவிட வேடிக்கை, எக்ஸினாஸில் நாம் எழுதுகிற பொய்யும் இதே வழியாகத்தான் போகிறது. 95 என்று எழுதினால் டிரைவர் அந்தச் சிப்பின் சொந்தத் திருத்த எண்களை வைத்து அதைக் குறியீடாக மாற்றி, வெப்பநிலைப் பிரிவின் ரெஜிஸ்டரில் போடுகிறது. அதற்குப் பிறகு வன்பொருளே சென்சாரை விட்டுவிட்டு அந்தக் குறியீட்டை வாசித்து, உண்மையான இன்டரப்டை எழுப்புகிறது. டிரைவர் மறுபடி குறியீட்டை டிகிரியாக மாற்றி 95 என்று படித்துக்கொள்கிறது. மெய்யும் பொய்யும் ஒரே கதவு வழியாக, ஒரே உடுப்பில் வருகின்றன. வாசலில் நிற்பவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

அந்த ரெஜிஸ்டரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பொய்க்கும் ஒரு இலக்கணம் இருப்பது அங்கே தெரிகிறது. மூன்று விஷயங்கள் ஒன்றாக அடங்கிய ரெஜிஸ்டர் அது: எவ்வளவு நேரம் கழித்து, என்ன மதிப்பு, போலி முறை இயங்குகிறதா இல்லையா. மதிப்பை மாற்றும்போதெல்லாம் இயக்கும் பிட்டும் போடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புது எண்ணைக் கண்டுகொள்ளாமல் கடைசியாக ஏற்றுக்கொண்ட பழைய எண்ணையே வன்பொருள் சொல்லிக்கொண்டிருக்கும் என்று சாம்சங்கின் ஆவணம் எச்சரிக்கிறது. இந்த வம்பைப் பயன்படுத்துகிறவர் தலையில் கட்ட வேண்டாம் என்றுதான், வெப்பநிலையை மட்டும் மாற்ற அனுமதிக்கும் ஒரே கோப்பாக அதைச் சுருக்கியிருக்கிறார்கள். 85000-இன் கடைசி மூன்று சுழிகளும் வெறும் அலங்காரம். இந்தச் சென்சாருக்கு ஒரு டிகிரிக்குக் கீழே கண் தெரியாது. இன்னொரு விசித்திரம், பூஜ்யம். கோப்பில் 0 என்று எழுதினால் சூடு பூஜ்யம் என்று அர்த்தமில்லை, பொய்யை நிறுத்து என்று அர்த்தம். அதனால் தண்ணீர் உறைகிற வெப்பநிலையை இந்தக் கோப்பில் நடிக்க முடியாது. ஒன்றுக்கும் உதவாத விவரம்தான். ஆனாலும் இந்தப் பொய்யைச் சொல்லக் கூடாது என்று ஓர் இயந்திரம் வரம்பு கட்டுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

எக்ஸினாஸ் 5422-இல் பெரிய கோர்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனி வெப்பநிலை மண்டலம், கிராபிக்ஸுக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. முதல் மண்டலத்துக்கு மட்டும் 95 என்று எழுதிவிட்டு மற்ற நான்கையும் படித்துப் பார்த்தால் அவை நாற்பது சொச்சத்தில் உட்கார்ந்திருக்கின்றன. விரல்நகம் அளவு சிலிக்கான் துண்டு. அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோர்களுக்கு நடுவே ஐம்பது டிகிரி வித்தியாசம் வேலையில்லாமல் கிடக்கும் நேரத்தில் வராது. சிலிக்கான் சூட்டை நன்றாகவே கடத்தும். பள்ளிக்கூடப் பையன்கூட எங்கேயோ இடிக்கிறதே என்பான். டிரைவர் சொல்லாது. ஒரு மண்டலத்தின் எண்ணை இன்னொரு மண்டலத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. இதைக் குறை என்றும் சொல்ல முடியவில்லை. பாதுகாப்பு நிரல் யோசிக்க ஆரம்பித்தால் தாமதமாகும். தாமதமானால் சிப் கருகும். வீணாக விசிறி ஓடுவது கருகுவதைவிட மேல். ஆனால் நம்பிவிடுவதுதான் எப்போதும் பாதுகாப்பு என்றும் இல்லை. போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் எதிர்வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் கோணத்தை அளக்க இரண்டு சென்சார்கள் இருந்தும், மூக்கைத் தானாகக் கீழிறக்கும் எம்கேஸ் நிரல் ஒன்றை மட்டும் கேட்டது. அது தப்பாகச் சொன்னபோது மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே இருந்தது. 2018 அக்டோபரில் லயன் ஏரில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் விமானத்தில் 157 பேர். பக்கத்துச் சென்சாரைக் கேட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்திருக்கும்.

இவ்வளவு சுற்றி வந்ததற்குக் காரணமான விஷயம் இதுதான்: சூடு பதில் சொல்லும், எண் பதில் சொல்லாது. வேலை கூடினால் சூடு ஏறுகிறது, டிரைவர் வேகத்தைக் குறைக்கிறது, சூடு கொஞ்சம் தாமதித்து, முரண்டுபிடித்து, பிறகு இறங்குகிறது, டிரைவர் கொஞ்சம் தளர்த்துகிறது, மறுபடி ஏறுகிறது. இரண்டு பேர் பேசிக்கொள்வது அது. வெப்பக் கட்டுப்பாடு என்பதே அந்தப் பேச்சுதான். நான் 95 என்று எழுதிவைத்தால் பேச்சின் ஒரு பக்கம் ஊமையாகிவிடுகிறது. விசிறி எவ்வளவு சுற்றினாலும் 95. வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் 95. எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் நிரல் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். 'ஸ்டெப் வைஸ்' என்ற கவர்னர் சூடு வரம்பைத் தாண்டியதா என்பதோடு ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்றும் பார்க்கும். எண் அசையாமல் நிற்பதைக் கண்டதும், சரி, நிலைமை கைக்குள் வந்துவிட்டது என்பதுபோல எடுத்துவைத்த முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது. 2015-இல் லினக்ஸ் 4.2-இல் வந்த 'பவர் அலோகேட்டர்' என்ற கவர்னர் வேறு சுபாவம். இலக்குக்கும் இருப்புக்கும் உள்ள பிழையை அது நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும். அசையாத 95-ஐப் பார்த்துப் பார்த்து மின்சாரப் பங்கீட்டைக் குறைத்து, கடைசியில் கோர்களைத் தவழ விட்டுவிடும். ஒரே பொய்க்கு ஒன்று நிம்மதியாகிறது, இன்னொன்று பதறிப்போகிறது. நிஜச் சூட்டில் இரண்டுமே இப்படி நடந்துகொள்ளாது. அப்படியானால் நான் சோதித்தது எதை?

சோதிப்பவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. அதனால் ஒரே எண்ணை எழுதாமல், எண்களை வரிசையாக எழுதும் ஸ்கிரிப்ட் போடுகிறார்கள்: 60, 65, 70, 75, மேலே போய்விட்டு மறுபடி 70, 65. அந்த நிமிஷத்திலிருந்து சோதிப்பவரே சூடாக நடிக்க ஆரம்பித்துவிடுகிறார். நடிப்பு மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். நிஜச் சூடு படிக்கட்டு ஏறுவதில்லை. வேலை வந்த கணத்தில் சிலிக்கான் சட்டென்று துள்ளுகிறது, ஏனென்றால் அந்தத் துண்டு சின்னது. பிறகு ஹீட்சிங்கின் கனத்த உலோகம் நிறைய நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாக ஏறுகிறது. இறங்கும்போதும் அதே இரட்டை வேகம். நடுவே ஒன்றிரண்டு டிகிரி நடுக்கம் எப்போதும் உண்டு. 70-இன் விளிம்பில் நிற்கும்போது அந்த நடுக்கத்தால் விசிறி கூடிக் குறைந்து கூடிக் குறைந்து எரிச்சலூட்டுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் ஏறும்போது ஒரு வரம்பும் இறங்கும்போது அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு வரம்பும் வைக்கிறார்கள். ஸ்கிரிப்டின் எண்களுக்கு நடுக்கம் இல்லை. அதனால் அந்த ஏற்பாடு பிழையாக இருந்தாலும் சோதனையில் தேறிவிடும். நடுக்கத்தையும் சேர்த்து எழுதலாமே என்றால், எழுதலாம்தான். வேகம் குறைந்தால் எண்ணும் குறையும்படி ஒரு கணித மாதிரியும் சேர்க்கலாம். அப்போது என் மாதிரியும் டிரைவரும் பேசிக்கொள்ளும். சூடு என்று நான் எதை நினைத்துக்கொண்டிருக்கிறேனோ அதற்கு முன்னால் டிரைவர் தேறிவிட்டது என்று நிரூபணமாகும். அதற்கு மேல் ஒன்றும் நிரூபணமாகாது.

பொய்யை மேலே சொன்னால் விசிறி வீணாகச் சுற்றும், மிஞ்சிப்போனால் கணினி அணையும், அவ்வளவுதான். கீழே சொன்னால்? நிஜத்தில் 100 டிகிரியில் இருக்கும்போது 30000 என்று எழுதினால்? கெர்னல் ஆவணமே இந்தக் கேள்வியை முன்கூட்டிக் கேட்டிருக்கிறது. விற்பனைக்குப் போகும் சாதனங்களில் இந்த வசதியை இயக்குவதில் எச்சரிக்கை வேண்டும், குறைந்த எண்களைச் சரமாரியாக எழுதியே வெப்பப் பாதுகாப்பை முடக்கிவிடலாம் என்கிறது. இதற்குக் கெர்னலின் மையப் பகுதியில் ஒரு காவலும் இருக்கிறது: உண்மை வெப்பநிலை உச்ச வரம்புக்குக் கீழே இருக்கும்வரைதான் பொய் செல்லும், அதைத் தாண்டிவிட்டால் பொய்யை ஒதுக்கிவிட்டு உண்மையை எடுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த வரிகளில் ஒன்று அது. ஆனால் அந்தக் காவல், பொய்யைக் கெர்னலே நினைவில் வைத்திருக்கும்போதுதான் வேலை செய்யும். எக்ஸினாஸ்போல வன்பொருளே போலி எண்ணை ஏற்கிற இடத்தில் கெர்னல் பொய்யைச் சிப்பிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. சிப் சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க உண்மை எண்ணே கையில் இல்லை. எது அதிக நம்பகமான போலியோ அதற்குத்தான் காவல் குறைவு. இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நடான்ஸ் ஆலையில் சென்சார்கள் அமைதியாகச் சொன்ன எண்களை 21 நொடிக்குப் பதிவுசெய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டது. திரையில் எல்லாம் சுகம். உள்ளே மையவிலக்குச் சாதனங்களில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உபாயம் ஒன்றுதான். சோதிக்கிறவர் கையில் இருந்தால் சோதனை, கெடுக்கிறவர் கையில் இருந்தால் நாசவேலை. வன்பொருளுக்கு இரண்டும் ஒரே எழுத்து.

போலி எண் இல்லாமல் இந்த வேலை நடக்காது, நானும் அதை விடப்போவதில்லை. வரம்பைத் தொட்டதும் சரியான இன்டரப்ட் எழுகிறதா, சரியான விசிறி சுற்றுகிறதா, 120-இல் கணினி அணைகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. டிரைவர் தேறிவிட்டது என்று அறிக்கையில் எழுதும்போது மட்டும், எண்ணுக்குக் கீழ்ப்படிகிறது என்று எழுதுங்கள். சூட்டைச் சமாளிக்கிறது என்று எழுத ஒரு முழுப் பகல் நிஜமான வேலையை ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இடைமுகத்தைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: அந்தக் கோப்பைப் படிக்கவும் முடியும்படி செய்யுங்கள், பொய் நடப்பில் இருக்கும்போது விழுகிற பதிவேட்டு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள். பெரிய வேலை இல்லை, சில வரி நிரல். மற்றபடி, கெர்னலைக் கட்டும்போது வெப்பநிலைப் போலி என்ற தேர்வு இயல்பாகவே அணைந்திருக்கிறது. கடைக்குப் போகும் சாதனத்தில் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.